ஆய்வு நிறுவனங்களில் இலவச உரை, ஓப்பன் டே... கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மக்கள் போகலாமா? எங்கே, எப்போது, எப்படி? முழு விவரம்

உயரமான காம்பவுண்டு சுவர், வாசலில் செக்யூரிட்டி, 'அனுமதி பெற்றவர்கள் மட்டும்' என்ற போர்டு. ஆராய்ச்சி நிறுவனம் என்றதும் பலருக்கும் மனதில் வரும் படம் இதுதான். "உள்ளே என்னதான் பண்றாங்க?" என்று நினைத்துக்கொண்டே கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் அதே கேட் வருஷத்தில் சில நாட்கள் பொதுமக்களுக்காகத் திறக்கிறது. அன்று விஞ்ஞானிகள் எளிமையாகப் பேசுகிறார்கள், லேபைச் சுற்றிக் காட்டுகிறார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளி, பொன்னேரி பக்கம் நெல் போடும் விவசாயி, பழவேற்காடு மீனவர், திருவள்ளூர் அரசுப் பள்ளி மாணவி... இவர்களெல்லாம் அந்த உரைகளுக்குப் போகலாமா? போனால் என்ன கிடைக்கும்? இந்த மாவட்டத்துக்கும் அறிவியல் ஆய்வுக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில்... இது என்ன நிகழ்ச்சி? யாருக்கானது?

ஒரு ஆய்வு நிறுவனத்தின் வாரப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பல நிகழ்ச்சிகள் இருக்கும். எல்லாமே எல்லோருக்கும் ஆனவை அல்ல. பெயரை வைத்தே ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம்.

'செமினார்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் அந்தத் துறையில் ஆய்வு செய்பவர்களுக்கானது. போர்டு முழுக்கச் சமன்பாடுகள் ஓடும். புரியவில்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை. பக்கத்துத் துறை பேராசிரியருக்கே பாதிதான் புரியும்.

'கலோக்கியம்' என்பது அதற்கு ஒரு படி கீழே. ஒரு நிறுவனத்தில் உள்ள எல்லாத் துறையினருக்கும் சேர்த்துப் பேசுவது. கல்லூரியில் அறிவியல் படிப்பவர்கள் தைரியமாகப் போய் உட்காரலாம்.

'பப்ளிக் லெக்சர்' என்றால் பொதுமக்களுக்கான உரை. முன் அறிவு எதுவும் தேவையில்லை. ஒருவர் நினைவாக அறக்கட்டளை வைத்து நடத்தும் நினைவுச் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் இந்த வகைதான்.

'ஓப்பன் டே' என்றால் கதவு முழுசாகத் திறந்திருக்கும் நாள். ஸ்டால் போட்டு, சோதனைகளை நேரில் செய்து காட்டுவார்கள். பள்ளி மாணவர்களுக்கு இதுதான் பெஸ்ட்.

'ட்ரெயினிங்', 'வயல் விழா', 'உழவர் தினம்' என்று வருபவை விவசாயிகள், மீன் வளர்ப்போருக்கானவை. இங்கே லெக்சரை விடக் கேள்வி பதில்தான் அதிகம்.

கதவைத் திறந்து வைப்பதால் என்ன லாபம்?

இதற்கு இந்தியாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1876-ல் கொல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பொதுமக்களுக்கு அறிவியல் உரைகள் நடத்துவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மக்கள் தந்த நன்கொடையில் நடந்த நிறுவனம் அது.

1907-ல் அந்த வாசலுக்கு ஒரு இளைஞர் வந்தார். அவர் விஞ்ஞானி வேலையில் இல்லை. மத்திய அரசின் நிதித்துறை அதிகாரி. ஆபீஸ் முடிந்த பிறகு சாயங்காலத்தில் அங்கே வந்து சோதனை செய்ய அனுமதி கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அந்த இளைஞர்தான் சி.வி.ராமன். 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி ராமன் விளைவு அறிவிக்கப்பட்டது அதே நிறுவனத்தில் நடந்த ஆய்வில் இருந்துதான். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

அந்தக் கேட்டில் யாராவது "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பியிருந்தால்? அந்த பிப்ரவரி 28-ஐத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் தினமாக நாடு கொண்டாடுகிறது. அன்றைக்கு ஆய்வகங்கள் திறந்து வைக்கப்படுவது பொருத்தமானதுதான்.

சென்னையிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1950-களின் கடைசியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே மாணவர்களுக்குத் தொடர் உரைகள் நடத்திவந்தார். வெளிநாட்டில் இருந்து சென்னை வரும் விஞ்ஞானிகளை அழைத்து வந்து பேசவைப்பார். 1960 ஜனவரியில் நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர் சென்னை வந்தபோது இந்தக் குழுவைப் பார்த்துப் பாராட்டினார். அன்றைய கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியமும் பிரதமர் நேருவும் ஆதரவு தந்தார்கள். 1962 ஜனவரி 3-ம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடங்கி வைத்தவர் விண்ணியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர். இன்று தரமணியில் இருக்கும் 'மேட்சயின்ஸ்' அதுதான்.

ஒரு வீட்டு ஹாலில் நடந்த உரைகள் ஒரு தேசிய நிறுவனமாக வளர்ந்தது இப்படித்தான்.

சரி, திருவள்ளூருக்கு இதில் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. சொல்லப்போனால், அறிவியலுக்கு இந்த மாவட்டம் கொடுத்த அளவுக்குக் கொடுத்த இடங்கள் குறைவு.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து தொடங்கியது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது.

அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்க வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு இடமும் கிடைக்காது, வருமானமும் போய்விடும். "வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணமாகாதா?" என்ற கேள்வியைச் சென்னை ஆய்வு எடுத்துக்கொண்டது. நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்தில், இன்னொரு குழு வீட்டில். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகம் முழுக்க டி.பி. சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த பெரிய ஆய்வு கிராமங்களுக்கு வந்தது. 1968-ல், இன்றைய திருவள்ளூர் பகுதியை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. சுமார் 3.66 லட்சம் பேர் பதிவு செய்யப்பட்டார்கள். அவர்களில் சுமார் 2.81 லட்சம் பேருக்கு பி.சி.ஜி. அல்லது மருந்தில்லாத ஒப்பீட்டு ஊசி போடப்பட்டது. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானம் ஆனது. பிறகு 15 வருஷம் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். தடுப்பூசி வரலாற்றிலேயே மிகப் பெரிய கள ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

முடிவு பலரும் எதிர்பார்க்காதது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைக் காசநோயில் அது பலன் தருவது மற்ற ஆய்வுகளில் தெரிந்திருப்பதால், பிறந்த குழந்தைக்குப் போடுவது தொடர்கிறது. ஆனால் "புதுத் தடுப்பூசி வேண்டும்" என்று உலகம் தேடத் தொடங்கியதற்கு இந்த ஊர்க்காரர்கள் நீட்டிய கை ஒரு முக்கியக் காரணம்.

1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது. 1999-ல் இருந்து இங்கே டாட்ஸ் சிகிச்சை முறையின் பலனை அளக்க வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. ஆய்வு நடந்த கிராமப்புறப் பகுதியில் அடுத்த சில ஆண்டுகளில் நுரையீரல் காசநோய் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது பதிவானது.

மருத்துவம் மட்டுமா? நெல்லும் இருக்கு!

திருவள்ளூர் பக்கத்தில் இருக்கும் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1942 முதல் இயங்குகிறது. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. 'டி.கே.எம்.' என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் இங்கே பிறந்தவைதான். திரூர்க்குப்பம் என்ற ஊர்ப் பெயரின் சுருக்கம் அது.

1952-ல் வெளியான டி.கே.எம்.6 ரகத்துக்குத் தண்டுத் துளைப்பான் பூச்சியைத் தாங்கும் குணம் இருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ரகத்தை எடுத்து ஒட்டுச் சேர்த்தது. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஐ.ஆர்.20 ரகத்தின் ஒரு பெற்றோர் டி.கே.எம்.6-தான். 1980-களில் உலகிலேயே அதிகம் பயிரிடப்பட்ட ரகமாக இருந்த ஐ.ஆர்.36-ன் வம்சத்திலும் அது உண்டு. அதாவது ஆசியாவில் பல கோடி பேர் சாப்பிட்ட சோற்றில் திரூர் மண்ணின் பங்கு இருக்கிறது.

இப்படி ரத்தமும் சளியும் நிலமும் நேரமும் கொடுத்த மாவட்டம் இது. ஆய்வு முடிவுகள் சர்வதேச இதழ்களில் ஆங்கிலத்தில் வந்தன. "எங்க ஊர்ல நடந்துச்சே, அதுல என்ன தெரிஞ்சுது?" என்று கேட்க இங்கே எத்தனை பேருக்கு வாய்ப்புக் கிடைத்தது? அந்த வாய்ப்புதான் ஓப்பன் டேவும் பொது உரையும்.

எந்தெந்தத் தேதிகளைக் குறித்து வைக்கலாம்?

நிகழ்ச்சி நிரல் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆனால் சில நாட்கள் மாறாது. அந்த நாளிலோ அதை ஒட்டியோ நிகழ்ச்சிகள் நடத்துவது வழக்கம்.

• பிப்ரவரி 28: தேசிய அறிவியல் தினம். பெரும்பாலான மத்திய அரசு ஆய்வகங்களில் உரை, கண்காட்சி இருக்கும்.

• மார்ச் 24: உலக காசநோய் தினம். 1882-ல் இதே நாளில்தான் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார்.

• மே 11: தேசிய தொழில்நுட்ப தினம். 1998 பொக்ரான் சோதனையை ஒட்டி வந்த நாள்.

• ஆகஸ்ட் 23: தேசிய விண்வெளி தினம். 2023-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள். 2024 முதல் கொண்டாடப்படுகிறது.

• செப்டம்பர் 26: சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். 1942-ல் தொடங்கியது. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இரண்டும் இந்தக் குடும்பம்தான்.

• அக்டோபர் 4 முதல் 10 வரை: உலக விண்வெளி வாரம். 1957-ல் ஸ்புட்னிக் ஏவப்பட்ட நாளில் தொடங்கி, 1967-ல் விண்வெளி ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளில் முடிகிறது.

• நவம்பர் 21: உலக மீன்வள தினம்.

• டிசம்பர் 5: உலக மண் தினம்.

• டிசம்பர் 22: தேசிய கணித தினம். ராமானுஜன் பிறந்த நாள்.

கும்மிடிப்பூண்டியில் இருந்து எங்கே போகலாம்?

ஸ்ரீஹரிகோட்டா: கும்மிடிப்பூண்டிக்காரர்கள் மொட்டை மாடியில் நின்றே ராக்கெட்டைப் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கவும் வழி இருக்கிறது. 2019 முதல் சதீஷ் தவான் விண்வெளி மையத்தில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இயங்குகிறது. கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்பு ஆன்லைனில் பதிவு திறப்பார்கள். இடம் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் அறிவிப்பு வந்ததும் பதிவு செய்துவிட வேண்டும். அடையாள அட்டை கட்டாயம். எளாவூர், ஆரம்பாக்கம், தடா தாண்டிச் சூலூர்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கிப் போகலாம். ஏவுதல் தள்ளிப்போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் கிளம்பும் முன் ஒருமுறை செக் பண்ணிக்கொள்வது நல்லது.

திரூர்: நெல் ஆராய்ச்சி நிலையத்துடன் வேளாண் அறிவியல் நிலையமும் இங்கே இருக்கிறது. ரகத் தேர்வு, மண் பரிசோதனை, பூச்சி மேலாண்மை பற்றிப் பயிற்சிகள் நடக்கும்.

பொன்னேரி: டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 2012 முதல் இயங்குகிறது. இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சி தருகிறது.

அயப்பாக்கம்: அம்பத்தூர் அருகே தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுப் பிரிவும், மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் 1999-ல் இணைந்து உருவானது. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில் இந்த நிறுவனம் பங்காளி. நோய் முற்றிய நிலையில் வருபவர்களை எடை, ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்க முடிகிறதா போன்ற எளிய சோதனைகளை வைத்து அடையாளம் கண்டு உடனே அட்மிட் செய்வதுதான் திட்டம்.

தரமணி: மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் தரமணி வரை போய்விடலாம். கணித அறிவியல் நிறுவனம், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் இந்த ஏரியாவில்தான். கணித அறிவியல் நிறுவனம், கச்சேரிக்குப் பேர்போன மியூசிக் அகாடமியிலேயே 'சயின்ஸ் அட் த சபா' என்ற பெயரில் பொது அறிவியல் உரைகளை நடத்தியிருக்கிறது. பாட்டுக் கேட்கப் போவதுபோல அறிவியல் கேட்கப் போகலாம் என்பதுதான் ஐடியா.

எப்படித் தெரிஞ்சுக்கிறது? பதிவு எப்படி?

நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் 'நிகழ்ச்சிகள்' பகுதியைப் பார்க்கலாம். சமூக ஊடகப் பக்கங்களிலும் போடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வரும் போஸ்டரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். போன வருஷப் போஸ்டர் இந்த வருஷமும் சுற்றும்.

மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும். ஒன்று, முன்பதிவு தேவையா? இரண்டு, எந்த மொழியில் பேசுகிறார்கள்? மூன்று, எந்த வயதினருக்கு? ஆதார் அல்லது பள்ளி, கல்லூரி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. சில ஆய்வகங்களில் கேமரா, போனுக்கு அனுமதி இருக்காது.

பள்ளியில் இருந்து குழுவாகப் போக வேண்டும் என்றால், தலைமை ஆசிரியர் லெட்டர்ஹெட்டில் முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் வழக்கம். சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள் 2017 முதல் 'ஜிக்யாசா' என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்களை ஆய்வகத்துக்குள் அழைக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை நடக்கும் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. அங்கே சோதனை செய்து பார்த்த பிள்ளைகளுக்கு நிஜ ஆய்வகத்தைக் காட்ட ஓப்பன் டே நல்ல அடுத்த படி.

போனால் என்ன கேட்கலாம்?

"நமக்கு எதுக்கு அதெல்லாம்? இங்கிலீஷ்ல பேசுவாங்க, ஒண்ணும் புரியாது" என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் கேள்வி நேரத்தில் தமிழில் கேட்கலாம். சென்னையில் உள்ள நிறுவனங்களில் தமிழ் தெரிந்த ஆய்வாளர்கள் நிறைய பேர் உண்டு. நல்ல கேள்விக்குப் பட்டம் தேவையில்லை. வாழ்க்கையில் இருந்து வந்தால் போதும்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைகளும் ஃபவுண்ட்ரிகளும் இருக்கின்றன. ஃபவுண்ட்ரி மணலில் இருந்து வரும் சிலிக்கா தூசி தொடர்ந்து நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் வரலாம். அது வந்தவர்களுக்குக் காசநோய் ஆபத்தும் கூடும். இது மருத்துவ உலகில் நன்றாக நிறுவப்பட்ட உண்மை. ஆகவே அங்கே வேலை பார்க்கும் ஒருவர் மார்ச் 24-ல் கேட்க வேண்டிய கேள்வி: "எந்த மாதிரி மாஸ்க் போட்டா தூசி நிக்கும்? எத்தனை மாசத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கணும்?"

இதற்காக மார்ச் வரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது இருந்தால் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். சிகிச்சையும் இலவசம். சிகிச்சை முடியும் வரை மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை வங்கிக் கணக்கில் வரும். 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. ரூம் எடுத்துச் சேர்ந்து தங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

விவசாயி கேட்கலாம்: "கடைசி நேரத்துல மழை வந்தா சாயாத ரகம் எது? பட்டத்துக்கு ஏத்த விதை எங்கே கிடைக்கும்?"

பழவேற்காடு மீனவர் கேட்கலாம்: "ராக்கெட் விடும்போது கடலுக்குப் போகாதேன்னு சொல்றீங்க. எத்தனை நாள் முன்னாடி சொல்ல முடியும்? தேதி தள்ளிப்போனா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாணவி கேட்கலாம்: "இங்கே ஆராய்ச்சி பண்ணணும்னா பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன படிக்கணும்? உதவித்தொகை கிடைக்குமா?" இந்த ஒரு கேள்விக்கு அங்கே இருக்கும் பி.எச்டி. மாணவர் சொல்லும் பதில், பத்து கைடு புத்தகத்துக்குச் சமம்.

சிக்கலே இல்லையா?

இருக்கிறது. பல உரைகள் வேலை நாளில், பகல் நேரத்தில் நடக்கின்றன. 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவரால் போக முடியாது. தினக்கூலிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பெரும்பாலான நிகழ்ச்சிகள் தென் சென்னையில் நடப்பதால் கும்மிடிப்பூண்டியில் இருந்து போய்வரவே பல மணி நேரம் ஆகும். அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விஞ்ஞானி ஊருக்கு வருவதுதான் அது. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதைப் பல வருஷமாகச் செய்துவருகிறது. ஆய்வாளர்களைப் பள்ளிக்கும் கிராமத்துக்கும் அழைத்துவந்து தமிழில் பேசவைக்கும் பழக்கம் அதனால் பரவியது. ஒரு பள்ளியோ, ஊர் நூலகமோ, தொழிற்சங்கமோ, மகளிர் குழுவோ கடிதம் எழுதி அழைத்தால் வர விரும்பும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை, தமிழில், ஊருக்குள்ளேயே என்று கேட்பதில் தவறும் இல்லை.

சுருக்கமாக...

ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் நடப்பது மக்களின் வரிப்பணத்தில். சில ஆய்வுகள் நடந்தது இந்த மாவட்ட மக்களின் உடலை நம்பி, நிலத்தை நம்பி. அதனால் பொது உரைக்குப் போய் உட்காருவது சலுகை இல்லை. வீட்டு வாசலில் வந்து கணக்கெடுத்துப் போனவர்களிடம், அந்தக் கணக்கு என்ன ஆச்சு என்று விசாரிக்கிற உரிமை அது.

அடுத்து வரும் தேதியை மேலே உள்ள பட்டியலில் பார்த்து போன் காலண்டரில் இப்போதே போட்டுவிடலாம். அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு நிறுவனத்தின் இணையதளத்தில் நேரத்தையும் பதிவு விவரத்தையும் உறுதி செய்துகொண்டால் போதும். போகும்போது ஒரு பிள்ளையையும் ஒரு கேள்வியையும் கூட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது.